ஆய்வுகூடத்துக்கு மூன்று பூட்டு

"ஆய்வுகூடத் திறப்பைத் தாங்கோ, சேர்."

நிலாந்தினி கேட்டதும் பள்ளிக்கூட அதிபர் மார்க்கண்டு பேனையை மேசையில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருடங்களில் எந்தப் பிள்ளையும் அவரிடம் அந்தச் சாவியைக் கேட்டதில்லை.

பனைமுனை மகா வித்தியாலயத்தில் ஆறாம் வகுப்பில் கால் வைக்கிற அன்றைக்கே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள். மாமரத்தில் ஏறினால் இரண்டு அடியோடு விட்டுவிடுவார்கள். ஆய்வுகூடத் திறப்பை மட்டும் வாய் திறந்து கேட்கக் கூடாது.

பாரிஸிலிருக்கும் பழைய மாணவர் அன்ரனிதாஸ் எட்டு வருடங்களுக்கு முன் கட்டிக்கொடுத்த ஆய்வுகூடம் அது. நாடா வெட்டி, படமெடுத்து, பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அன்றைக்கே பூட்டினார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூசைக்கு, கதவுக்குச் சந்தனம் பூசினார்கள். அவ்வளவுதான் விஞ்ஞானம். உள்ளே முழு எலும்புக்கூடு நிற்கிறது என்றும், அது ஒரு வெள்ளைக்காரியுடையது என்றும், மாரிகாலத்தில் அது பல்லை நறநறவென்று நறும்புவது வாசிகசாலை வரைக்கும் கேட்கும் என்றும் கதை. அந்தப் பக்கம் போகிற பிள்ளைகள் தாமாகவே சத்தத்தைக் குறைத்தார்கள். கோபம் தலைக்கேறி வந்த நிலாந்தினிகூட, அந்த வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

"திறப்பு என்னத்துக்கு?"

"உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யிற படிவம் வெள்ளிக்கிழமை குடுக்க வேணும், சேர். நான் உயிரியல் பிரிவு எண்டு நிரப்பப்போறன்."

"இஞ்ச கலைப்பிரிவு மட்டுந்தான், பிள்ளை."

"ஏன்?"

"உயிரியலுக்கு ஆய்வுகூடம் வேணும்."

"அது அந்தா நிக்குதே."

"அது பூட்டிக் கிடக்கு."

"ஏன் பூட்டிக் கிடக்கு?"

"உயிரியல் படிக்கப் பிள்ளையள் இல்லை. பேந்து என்னத்துக்குத் திறக்கிறது?"

நிலாந்தினி அந்தக் கதையை மனதுக்குள் ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள். நுழைய வேலிப் பொட்டுப்போல ஓர் இடைவெளிகூட இருக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் அவளுக்கு எட்டு ஏ, ஒரு பி. டொக்டராகிற ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. அம்மாவிடம் எடுத்த இரத்தம் சின்னப் போத்திலில் பஸ் ஏறி ரவுண் ஆஸ்பத்திரிக்குப் போய், பதில் மூன்று நாள் கழித்து வந்தது. அதைப் பார்த்துச் சொல்லுகிற ஆள் தானாக இருக்க வேண்டும், அந்த ஆள் இந்தத் தீவிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம். அப்பா ஒரே பிடியாக நின்றார்: "ரவுணுக்குப் போய் ரியூசனும் முடிச்சு, வேலணை தாண்டி இருட்டுக்க வர நான் விடமாட்டன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில இருக்கிறதைப் படி. இல்லாட்டி வீட்டில நில்."

"திறப்பு என்னட்ட இல்லை," என்றார் அதிபர். "பழைய மாணவர் சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளையிட்ட இருக்கு. வேலணையில."

போகமாட்டாள் என்ற நம்பிக்கையில் சொன்னார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் ஆழ்வாப்பிள்ளையின் வாசலில் நின்றாள்.

ஆழ்வாப்பிள்ளை அலுமாரியைத் திறந்து, பிஸ்கற் பேணி ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றிக் காட்டினார். திறப்பு பஞ்சுக்குள் படுத்திருந்தது.

"பாத்தீரோ?"

"ஓம், ஐயா."

"பாத்தது போதும்." பேணியை மூடினார்.

"எனக்குப் படிக்க வேணும், ஐயா."

"படியுமன், ஆர் வேண்டாமெண்டது? திறப்பைத் தர மட்டும் ஏலாது. கட்டினவரைக் கேக்க வேணும்."

அவரே பாரிஸுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். ஒரு பிள்ளை திறப்புக் கேட்டு வந்து நிற்கிறாள் என்றதும் அன்ரனிதாஸின் முகம் திரை முழுவதையும் அடைத்தது.

"திறப்புக் கேட்டோ? இந்தக் காலத்தில இப்பிடியும் ஆக்கள் வெளிக்கிட்டிட்டினமோ? எத்தினை பூட்டு அண்ணை போட்டிருக்கிறியள்?"

"ஒண்டு."

"ஐயோ அண்ணை. இன்னொண்டு போடுங்கோ. அதின்ர திறப்பை எனக்கு அனுப்பி விடுங்கோ."

அன்று மாலையே இரண்டாவது பூட்டுத் தொங்கியது. அதன் திறப்பு பொதியாகிப் பாரிஸுக்குப் புறப்பட்டது.

புதன்கிழமை காலை அதிபர் இரண்டாவது பூட்டைக் கண்டார். "பள்ளிக்கூடம் என்ரை. என்னைக் கேளாமல் அவை ரெண்டு பூட்டோ?" பத்து மணிக்குள் மூன்றாவது பூட்டை வாங்குவித்துத் தானே போட்டுத் திறப்பை இடுப்பில் செருகினார்.

நிலாந்தினி போய் நின்று எண்ணிப் பார்த்தாள். கேட்பதற்கு முன் ஒன்று. கேட்ட பின் மூன்று.

பக்கத்தில் பிரியவதனி ரீச்சர் வந்து நின்றார். உயிரியலில் பட்டம் பெற்று இரண்டு வருடங்களுக்கு முன் வந்தவர். ஆய்வுகூடம் பூட்டியிருந்ததால் அவரை ஆறாம் வகுப்புக்குச் சித்திரம் படிப்பிக்க விட்டிருந்தார்கள். அவர் கரும்பலகையில் அமீபா வரைவார், பிள்ளைகள் அதை முகில் என்று நினைத்து நீலம் தீட்டும்.

"இனியும் கேளாதையும், பிள்ளை," என்றார் ரீச்சர். "நாலாவதுக்கு வளையத்தில இடமில்லை."

பள்ளிக்கூடம் கூட்டுகிற செபஸ்தியம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு மூன்று பூட்டையும் பார்த்தாள். "வடிவாத்தான் கிடக்கு," என்று சொல்லிவிட்டு இலை குவிக்கப் போனாள்.

வியாழக்கிழமை நிலாந்தினி எப்படியோ அன்ரனிதாஸின் நம்பரைப் பிடித்துக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். "அங்கிள், உங்கட பேரைக் கதவுக்கு மேல கல்லில வெட்டி வைச்சிருக்கினம். அஞ்சு வருசமா அதைத்தான் வாசிக்கிறன். எனக்குப் பாடமாயிட்டுது. பள்ளிக்கூடத்தில உங்களுக்குப் பேரெழுதச் சுவர்தான் வேணுமெண்டால் மதில் கட்டியிருக்கலாம். நாளைக்குப் படிவம் குடுக்கிற கடைசி நாள். திறந்தால் படிப்பன். திறக்காட்டி நான் ஏன் படிக்கேல்லை எண்டதையும் அந்தக் கல்லிலயே வெட்டி விடுங்கோ."

ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. அன்ரனிதாஸ் அழுதுகொண்டிருந்தார். "நாளைக்கே திறக்கச் சொல்லு, பிள்ளை. நான் வீடியோவில நிண்டு பாக்கிறன்."

கதவு திறப்பதென்றால் வெறுமனே கதவைத் திறப்பதா என்ன? வெள்ளிக்கிழமை விடிந்தபோது வாழைமரம் நின்றது. நிறைகுடம், மேளகாரர், பத்தேகால் மணிக்குச் சுபநேரம். ஆய்வுகூடம் கேட்டவளின் கையில் பன்னீர்ச்செம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள்.

அதிபரின் பூட்டு வெண்ணெய்போலத் திறந்தது. அவர் சுற்றிவரப் பார்த்தார். அடுத்து ஆழ்வாப்பிள்ளை பஞ்சை விலக்கித் திறப்பை எடுத்தார். எட்டு வருட உப்புக்காற்று பூட்டைத் தின்றிருந்தது. ஒரு முறுக்கு. திறப்பின் பாதி கையில், பாதி பூட்டுக்குள்.

"மற்றதைத் திறவுங்கோ," என்றார் ஆழ்வாப்பிள்ளை, கையிலிருந்த பாதியைப் பார்த்தபடி.

"அது என்ர பூட்டு," என்றார் வீடியோவில் போர்வைக்குள்ளிருந்து அன்ரனிதாஸ். பாரிஸில் இன்னும் விடியவில்லை. "திறப்பு வந்து சேரேல்லை. டுபாயில நிக்குதெண்டு போன் காட்டுது."

"செபஸ்தியம்மா, தேங்காயெண்ணெய் கொண்டு வாரும்," என்றார் அதிபர்.

"எண்ணெய் என்னத்துக்கு, சேர்? நான் வந்து..."

"கதையை விடும். சுபநேரம் போகுது."

எண்ணெய்க்கும் பூட்டுகள் மசியவில்லை. சந்தியிலிருந்து இரும்பு ஒட்டுவேலைக்காரர் வெட்டுகிற மெசினோடு வந்தார். பொறி பறந்தது. சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று மேளகாரர் கெட்டிமேளம் அடித்தார்கள். "மெல்ல, மெல்ல," என்று பாரிஸ் முனகியது. முதலில் ஒரு பூட்டு விழுந்தது. பிறகு மற்றது.

கதவு திறந்தது. மேளம் தானாக நின்றது.

எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். ஆழ்வாப்பிள்ளை தோளிலிருந்த சால்வையை இடுப்பில் கட்டினார். வௌவாலும் எட்டு வருடத்துத் தூசியும் முகத்தில் அடிக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தவர்களின் கைகள் மெல்ல இறங்கின.

உள்ளே ஒரு தூசி இல்லை. ஒரு சிலந்திவலை இல்லை. மேசைகளில் முகம் தெரிந்தது. கண்ணாடிக் குழாய்கள் உயரப்படி நின்றன. மூலையில் எலும்புக்கூடு, வந்தவர்களை இருக்கச் சொல்லுகிற பாவனையில், அடக்கமாக நின்றது.

"எட்டு வருசம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "சரஸ்வதி உள்ளுக்குத்தான் இருந்திருக்கிறா."

அதிபர் கைகூப்பினார்.

"நான் தெரிவு செய்த மாபிள் அப்பிடி," என்றார் அன்ரனிதாஸ்.

நிலாந்தினிக்குக் கோபிக்க மறந்துபோயிற்று. ஒரு கையில் செம்போடு அவள் யன்னலோர மேசைக்குப் போனாள். அங்கே நுணுக்குக்காட்டிகள் வரிசையாக இருந்தன. பிரியவதனி ரீச்சர் ஒன்றின் கீழிருந்த சின்னக் கண்ணாடியை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"பாரும், பிள்ளை."

முதலில் இருட்டு. பிறகு வட்டமாக ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் பச்சையாக ஒன்று அசைந்தது. அதற்குப் பின்னால், உடம்பைச் சுற்றி மயிர் முளைத்த ஒன்று, தன்னைத் தானே சுழற்றிக்கொண்டு குறுக்கே ஓடியது. இன்னொன்று அதை இடித்துவிட்டு மன்னிப்புக் கேளாமல் போயிற்று. எல்லாவற்றுக்கும் அவசரமான அலுவல் இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்ற கவலை ஒன்றுக்குமில்லை. நிலாந்தினி மூச்சு விடவில்லை. விட்டால் அவை பறந்துவிடுமோ என்று பயந்தாள்.

"உயிரோட இருக்கு, ரீச்சர்."

ரீச்சர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"எட்டு வருசமாச் சாப்பாடில்லாமலோ?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

வரிசை கட்டி ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டுப் பார்த்தார்கள். அதிபர் திறக்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "அற்புதம்," என்றார்.

ஆழ்வாப்பிள்ளை கண்ணைத் துடைத்தார். "சரி. பாத்தாச்சு. இப்பிடியொரு தெய்வீகமான இடத்தைத் திறந்துபோட்டு வைச்சிருக்கக் கூடாது." சால்வை மடிப்புக்குள்ளிருந்து புதிய பூட்டு ஒன்று வந்தது.

"திறப்பு என்னட்ட," என்றார் அதிபர்.

"எனக்கும் ஒண்டு," என்றது பாரிஸ்.

நிலாந்தினி பன்னீர்ச்செம்பை எலும்புக்கூட்டின் காலடியில் வைத்தாள். மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து, நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் விரித்து, 'உயிரியல் விஞ்ஞானப் பிரிவு' என்று எழுதி, கையெழுத்து வைத்து அதிபரிடம் நீட்டினாள்.

"ஒரு பிள்ளைக்கு வகுப்பு நடத்த ஏலாது," என்றார் அதிபர்.

"ஒரு பிள்ளை இருக்கெண்டு முதல்ல எழுதுங்கோ, சேர். உங்களுக்கு அதுவே எட்டு வருசமாக் கிடைக்கேல்லை. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வருவன். பூட்டியிருந்தால் படியில இருந்து படிப்பன். ரீச்சர் படியில நிண்டு படிப்பிப்பா."

"ஓம்," என்றார் ரீச்சர், நிலத்திலிருந்து.

அதிபர் படிவத்தை வாங்கினார். வாங்காமல் விட அவருக்குத் துணிவு வரவில்லை. நிலாந்தினி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒருவரையும் திரும்பிப் பாராமல் நடந்தாள். உள்ளே நாலாவது பூட்டுக்கு வாக்குவாதம் சூடேறிக்கொண்டிருந்தது.

சுவர் மூலையில் நின்ற செபஸ்தியம்மா விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு அவளோடு நாலு எட்டு நடந்துவந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"முன்கதவில நிண்டு மினக்கெடாதை, பிள்ளை, பின்கதவுக்கு ஒருத்தரும் பூட்டுப் போடேல்லை, திங்கக்கிழமை வரேக்க கடல்தண்ணி ஒரு போத்தில் கொண்டு வா, கேணித்தண்ணி முழுக்க நான் எட்டு வருசமாப் பாத்து முடிச்சிட்டன்."