வலி அறியா வீரருக்கு ஒரு பொன்னாடை

ஆண்களின் உடல்நல வரலாற்றை என்றாவது ஒருநாள் யாராவது எழுதத்தான் போகிறார்கள். அப்போது முதல் அத்தியாயத்தை மதுரையில், வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையில்தான் தொடங்கியாக வேண்டும். 'ஆண்கள் உடல்நல விழிப்புணர்வு மற்றும் நோய் முன்தடுப்புக் கழகம்' அங்கேதான் இயங்குகிறது. அதன் செயலாளர் நான். தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காரியத்தை நடக்கவிடாமல், ஆனால் முறைப்படி நடத்துவது எப்படி என்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

எங்கள் சாதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழக உறுப்பினர் ஒருவருக்குக்கூட இதுவரை சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது, கொழுப்பு கிடையாது. யாரும் சோதித்துப் பார்த்ததில்லையே என்று சில பொறாமைக்காரர்கள் கேட்பார்கள். செல்லூரில் விசைத்தறி போட்டிருக்கும் எங்கள் தலைவர் அழகுபாண்டி தொடக்க விழாவிலேயே அந்தப் பொறாமைக்காரர்களுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

"நல்லா இருந்தவன் பூராம் ஆஸ்பத்திரிக்குப் போயித்தான் நோயாளி ஆனான். போகாதவன் எவனாச்சும் ஆயிருக்கானா, சொல்லுங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இதனால் நாங்கள் அறிவியலுக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. கழகத்துக்குச் சொந்தமாக ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். ஆயுதபூசையன்று வெளியே எடுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுபடியும் உள்ளே வைத்துவிடுவோம். இன்றுவரை அதை ஒரு மனிதக் கையில் சுற்றி அசுத்தப்படுத்தியதில்லை.

அன்றாடப் பணி நடைப்பயிற்சி. விடிந்ததும் தெப்பக்குளத்தை ஒரு சுற்று, சுற்றிய களைப்புக்கு வடையும் டீயும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வேகமாக நடப்போம், ஆகவே அன்று கறிதோசை. "அதான் நடந்தாச்சுல்ல" என்று ஒருவர் சொன்னால் போதும், எல்லாம் செரித்துவிடும்.

ஆண்டுதோறும் ஒரு விருதும் தருகிறோம். 'ஆஸ்பத்திரி வாசல் மிதியாத ஆண்மகன்'. தொடங்கியதிலிருந்து அதைத் தொடர்ந்து தட்டிச் செல்பவர் எங்கள் பொருளாளர் முத்துக்கருப்பன். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். தங்கமான மனிதர், எனக்கு உயிர் நண்பர்.

இந்த ஆண்டு அவரிடம் வீரத்தின் அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அடிக்கடி மரத்தடியைத் தேடி ஒதுங்கினார். தொப்பை தானாகக் கரைந்தது. நடைப்பயிற்சியின் வெற்றி என்று கைகுலுக்கினோம். பிறகு ஒருநாள் அவருடைய இடதுகால் செருப்பு கழன்று பாதையில் கிடக்க, அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"மாப்ள, ஒத்தச் செருப்பு அங்கன கெடக்கு" என்றார் தலைவர்.

"அப்படியா மாமா? கழண்டது தெரியலையே."

"பாத்தீகளா? மனுசனுக்குப் பற்றே இல்லாமப் போச்சு" என்று தலைவர் எங்களைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம்.

விழா நெருங்கிய சமயம், முத்துக்கருப்பனின் மனைவி அழகம்மாள் கழகத்துக்கு வந்தார். ஆண்கள் கழகம் என்பதால் வாசலிலேயே நிறுத்திப் பேசினேன்.

"அண்ணே, இவுகளுக்குக் காலு ரெண்டும் மரத்துக் கெடக்கு. வெந்நி ஊத்துனாக்கூடச் சுடலைங்கிறாக. ஒருக்கா ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நான் சொல்லி அலுத்துட்டேன். நீங்க சொன்னாக் கேப்பாக."

கோரிக்கை பரிவுடன் பரிசீலிக்கப்படும் என்றேன். அலுவலகத்தில் எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டு யாரும் என்னிடம் திரும்பி வந்ததில்லை.

அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டோம். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இப்பப் போயி டெஸ்ட்டா? நோட்டீஸ் அடிச்சாச்சு, ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு. சர்க்கரை இருக்குன்னு சொல்லிப்புட்டா விருத யாருக்குக் குடுக்க? ஊரே சிரிக்கும்."

"நான் என்ன போக மாட்டேன்னா சொன்னேன்?" என்றார் முத்துக்கருப்பன். "விருத வாங்கிட்டுப் போறேன். ஓடியா போகப் போகுது."

நோய்த்தடுப்பை விழாவுக்குப் பிந்தைய தேதிக்கு ஒத்திவைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

விழா அமோகமாக நடந்தது. முத்துக்கருப்பன் பலகை மேடையில் வெறுங்காலோடு ஏறினார், மைக்கைப் பிடித்தார், உடம்பைப் பேணுவது எப்படி என்று பேசினார். பாதிப் பேச்சில் முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார்.

"அண்ணே, கால்ல ரத்தம்."

"யாரு கால்ல?" என்று கேட்டபடி அவரும் குனிந்து தேடினார். மேடைப் பலகையிலிருந்து கழன்ற ஆணி ஒன்று அவருடைய பாதத்தில் முழுசாக ஏறியிருந்தது. கறிவேப்பிலையை எடுத்துப் போடுவதுபோல அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். விசில் பறந்தது.

"பாத்துக்கங்க மக்களே, இதுதான் ஆம்பள" என்றார் தலைவர்.

அங்கேயே 'வலி அறியா வீரர்' என்ற சிறப்புப் பட்டத்தை நான் முன்மொழிந்தேன். பின்வரிசையில் அழகம்மாள் மட்டும் அழுதுகொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று விழா அறிக்கையில் குறிப்பிட்டேன்.

வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்? மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு, வீரர் அந்தக் காலோடு தெப்பக்குளத்தையும் சுற்றினார், மண்டிக்கும் போனார். விரல்கள் கறுத்து, காய்ச்சலில் பேச்சும் குழறியபோது, அழகம்மாள் கழகத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

செய்தி கேட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கழகம் தன் கடமையைச் செய்ய வேண்டும் அல்லவா? பொன்னாடை வாங்கிக்கொண்டு தலைவரும் நானும் புறப்பட்டோம். தலைவர் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. அடுத்த வருசம் விருது எனக்குங்கிற மாதிரி பேச்சு இருக்கு. வாசல மிதிச்சா நல்லா இருக்காது."

நான் மட்டும் மாடி ஏறினேன். முத்துக்கருப்பன் பாதியாகியிருந்தார். கட்டுப்போட்ட காலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, விருதத் திருப்பிக் குடுக்கணுமோ?"

வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். "வேண்டியதில்லை. வாசலை நீங்கள் மிதிக்கவில்லை, தூக்கிக்கொண்டுதானே வந்தார்கள்? விதிப்படி விருது செல்லும்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதிதான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் சரண்யாதேவி, எங்கள் உறுப்பினர்களின் மகள் வயதுதான் இருக்கும், என்னிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினார். "வலி தெரியலைன்னா அது வீரம் இல்ல சார். சர்க்கரையில நரம்பு செத்துப்போச்சு. செருப்பு கழண்டது தெரியலைன்னாரே, அன்னைக்கே வந்திருந்தா விரலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

மேலான கருத்துக்கு நன்றி தெரிவித்துவிட்டுப் பொன்னாடையை விரித்தேன். அழகம்மாள் அதை வாங்கி மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தார்.

வருத்தத்தோடு படியிறங்கி வாசலுக்கு வந்தேன். எதிர்ச்சாரியிலிருந்து தலைவர், டீ சொல்லவா என்று சைகையில் கேட்டார்.

"செயலாளர் அண்ணே, நில்லுங்க."

அழகம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் ஒற்றைச் செருப்பு.

"ஒங்களுதுதான? வார்டு வாசல்லயே கெடந்துச்சு. அம்புட்டுப் படியும் எறங்கி வந்துருக்கீக, தெரியலையா?"

என்னுடையதுதான்.

"டாக்டரம்மா மேலதான் இருக்காக, வாங்க" என்றார். "அந்தப் பொன்னாடைய நீங்களே போத்திக்கிட்டு வாங்க."

எந்தக் காலில் செருப்பு இல்லை என்று குனிந்து பார்த்தேன். பார்க்காமல் சொல்ல முடியவில்லை.