தொடாதீர்கள், தானாக இயங்கும்

கதவு பாதி தூரம் மூடியது. கொஞ்சம் யோசித்தது. திறந்துகொண்டது.

"இன்னொரு தடவை அமுக்கு," என்றார் ஜெயராம், லிஃப்டுக்குள் நின்றபடி.

தேவானை அமுக்கினாள். மறுபடி அதே பாதி, அதே யோசனை, அதே திறப்பு.

மணி ஒன்பது ஐம்பது. வெள்ளிக்கிழமை, விஜயதசமி. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதலாளி ஜெயராம் நாலாவது மாடிக்குப் போய், புது அறையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, முதல் கையெழுத்தைப் போட்டாக வேண்டும். அந்தக் கையெழுத்து விழப்போவது தேவானையின் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில். உத்தரவு அவர் கக்கத்திலிருந்த தோல்பைக்குள் இருந்தது.

"படியில மெதுவா ஏறிடலாமே சார்?"

"முட்டியில கத்தி வெச்சு ஆறு மாசம் ஆகலை. நாலு மாடி ஏறச் சொல்றியா?"

"அப்ப இங்கயே போட்டுடுங்களேன்."

"மாடிப்படிக்கு அடியில நின்னுண்டு முதல் கையெழுத்தா? விளங்கினாப்லதான்."

தேவானை உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, கல்லூரிக்குப் போய், இயற்பியலில் பட்டம் வாங்கி, வீட்டிலேயே முதல் ஆளாகச் சம்பள வேலைக்கு வந்தவள். தி.நகரில் இந்தத் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் கட்டட மேற்பார்வை. வந்த சூட்டோடு அவள் செய்த முதல் காரியம், கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போடச் சொன்னது.

"இதுக்கு ஆளே வேணாம் சார். தானா நிக்கும், தானா போகும். கதவு ஓரத்துல ரெண்டு பக்கமும் ஒளிக்கண் இருக்கு. நடுவுல ஆள் நின்னா மூடாது. பாருங்க," என்று கையை நீட்டி நீட்டிப் பத்துத் தடவை காட்டினாள். மொத்த அலுவலகமும் கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கபாலியும் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் பழைய லிஃப்டின் கைப்பிடியைத் திருப்பியவர். இந்த மாதக் கடைசியோடு அவருக்கு வேலை இல்லை. தேவானை ஒரு போர்டு எழுதி லிஃப்ட் பக்கத்தில் மாட்டினாள்: 'தொடாதீர்கள். தானாக இயங்கும்.' அந்தப் போர்டுக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கபாலி ஒன்பதிலிருந்து ஆறுவரை உட்கார்ந்திருப்பார். வாயைத் திறக்க மாட்டார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தேவானைக்கு முதுகு குறுகுறுக்கும்.

"ஆள் ஜாஸ்தி சார். அதான் மூட மாட்டேங்குது," என்றாள் இப்போது.

உள்ளே ஆறு பேர். ஒருவர் இறங்கினார், கதவு மூடவில்லை. இன்னொருவர் இறங்கினார். மூடவில்லை. கடைசியில் ஜெயராம் மட்டும் நின்றார். கதவு பாதி மூடி, அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திறந்துகொண்டது.

யாரோ கொல்லென்று சிரித்தார்கள்.

"நான் ஒருத்தனே ஆறு ஆள் வெயிட்டுங்கறதா அது?"

"இல்ல சார். நடுவுல யாரோ நிக்கிறாங்கன்னு நெனச்சிக்கினு... நெனச்சிட்டிருக்கு."

"யாரு நிக்கறா? எனக்கு யாரும் தெரியலையே!"

தேவானைக்கும் தெரியவில்லை. நேற்று ஆயுத பூஜை. கண்ணாடி, பட்டன், கதவு என்று லிஃப்ட் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். மேலே செவ்வந்தி மாலை. பூஜை முடிந்ததும் இயந்திரங்களுக்கு ஓய்வு என்று மெயினை அணைத்ததோடு சரி, இன்று காலைதான் மறுபடி போட்டார்கள். ராத்திரி ஓய்வெடுத்துவிட்டு இப்படியா எழுந்திருக்கும்?

பத்து ஐந்து. லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டாள். மெக்கானிக் மெஹபூப் அலி எடுத்தார்.

"கதவு மூடலையா? மெயினை ஒருதரம் ஆஃப் பண்ணிப் போடுங்க மேடம். அப்பவும் மூடலைன்னா முக்கியமா ஒண்ணு பாக்கணும், நான் லைன்லயே இருக்கேன்."

தேவானை ஓடிப்போய் மெயினை அணைத்தாள். கட்டடம் முழுக்க இருட்டு. மின்விசிறி நின்றது. அலுவலகத்தின் புது டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் கரண்டில் ஓடுவது. போன் செத்தது. முக்கியமான அந்த ஒன்றும் அதோடு போனது.

அவள் அணைத்த நேரம் பார்த்துக் கதவு பாதியில் இருந்தது.

"யாரது! கதவை அடைச்சது யாரு! மூச்சு முட்டறது!" உள்ளேயிருந்து ஜெயராம்.

மறுபடி மெயினைப் போட்டாள். வெளிச்சம் வந்தது, போன் வரவில்லை. கதவு இப்போது முழுசாகத் திறக்கவும் மறந்துவிட்டது. ஒரு அடி திறக்கும், அரை அடியாகக் குறுகும், கீ... கீ... என்று கத்தும். ஜெயராமின் தொப்பை அந்த இடுக்கில் நுழையவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கத்தரிக்கோல் வாயில் துணி மாதிரி நின்றார்.

"தேவானை! இதான் உன் தானா போறதா?"

பத்துப் பதினெட்டு. கதவு இடுக்கில் கையை விட்டு இழுத்தாள். கதவு அவளை இழுத்தது. பட்டன்கள் அத்தனையும் அமுக்கினாள். ஒவ்வொன்றும் அழகாக எரிந்தது. படித்த பாடம் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இத்தனை பட்டன் இருந்து ஒன்றுகூடத் தன் பேச்சைக் கேட்கவில்லை.

சட்டென்று திரும்பினாள். கபாலி ஸ்டூலில் அப்படியே இருந்தார்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இத நீங்க இன்னா பண்ணீங்க?"

"நானா? ஒரு வெரலு பட்ருந்தா கேளு. தொடாதேன்னு நீதான போர்டு மாட்டிகீற?"

கூட்டம் தேவானையைப் பார்த்தது. வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது.

"கபாலி!" ஜெயராமின் குரல் உடைந்திருந்தது. "என்னை வெளியில எடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மேடம் சொல்லட்டும் சார்."

பத்து இருபத்து நாலு. இதைவிட நாலு மாடி முதலாளியை முதுகில் சுமக்கலாம் என்று தேவானைக்குத் தோன்றியது.

"தொடுங்கண்ணே. தயவு செஞ்சு."

கபாலி எழுந்தார். அவசரமே இல்லை. துண்டு நுனியை நாக்கில் நனைத்தார். கதவின் இரண்டு ஓரத்திலும், முழங்கால் உயரத்தில், காய்ந்துபோன சந்தனப் பொட்டு ஒவ்வொன்று இருந்தது. பழைய லிஃப்டின் கம்பியைத் துடைப்பதுபோல் துடைத்தார். உள்ளேயிருந்து கறுப்புக் கண்ணாடி இரண்டு பளிச்சென்று விழித்தன.

"இப்ப மெயினை ஒரு தபா அணைச்சிப் போடு பாப்பா."

போட்டாள். கதவு முழுசாகத் திறந்தது. கபாலி உள்ளே போய் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டு நாலை அமுக்கினார். கதவு நல்ல பிள்ளையாக மூடிக்கொண்டு மேலே போனது.

ஒளிக்கண். நடுவில் ஆள். பத்துத் தடவை கையை நீட்டிக் காட்டியவள் அவள்தான். தலையில் அடித்துக்கொண்டு படியில் ஓடினாள்.

நாலாவது மாடியில் ஜெயராம் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் ஏதோ எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"உயிர் போயிருக்கும்மா இன்னிக்கு. மெஷின் ஆயிரம் வரட்டும், கபாலி இருக்கிறவரைக்கும் அவன் வேலை அவனுக்கு. அதைத்தான் முதல்ல எழுதிப் போட்டேன்."

"என்னோடது சார்?"

அவர் பைக்குள் கையை விட்டார். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பத்து முப்பத்தொன்று. கையை வெளியே எடுத்தார், வெறுங்கையாக.

"ராகு காலம் வந்துடுத்தே. பொங்கலுக்குப் பாக்கலாம்."

அவள் படியிலேயே இறங்கினாள். கீழே லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே ஸ்டூல், ஸ்டூலில் கபாலி. போர்டைக் கழற்றி முதுகுக்கு அண்டக் கொடுத்திருந்தார்.

"எந்த மாடிமா?"

நேரே வாசலுக்குப் போனாள். துப்புரவு வேலை பார்க்கும் எல்லம்மா உதிர்ந்த செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லம்மா, எந்த அறிவுகெட்ட ஜென்மம் போயும் போயும் அந்த எடத்துல சந்தனத்த அப்புச்சு?"

எல்லம்மா துடைப்பத்தை நிறுத்தினாள்.

"அய்ய, மெதுவா பேசுமா. மொதலாளிதான் அவுரு கையால வெச்சாரு. எங்க வெக்கிறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு நின்னாரு. கபாலி அண்ணன்தான் 'தோ, இதான் சார் அதுக்கு நெத்தி'ன்னு காட்டுச்சு."