தலைவரின் நான்கு சென்டிமீட்டர்

உலக அரங்கில் நம் நாட்டு நீச்சல் இன்று வகிக்கும் இடத்துக்கு முழுப் பொறுப்பும் நீச்சல் சங்கத்தையே சேரும். இதை யாரும் மறுப்பதில்லை. மறுத்தவர்களைச் சங்கம் ஏற்கெனவே நீக்கிவிட்டது.

சுறா என்று எல்லோரும் கூப்பிடும் பத்தொன்பது வயதுப் பெண், இருநூறு மீட்டரை நீந்தி, சர்வதேசப் போட்டிக்கான தகுதி நேரத்தை அரை விநாடி முந்தினாள். தலைவர் கண்கலங்கி மைக்கைப் பிடித்தார். நாற்பது நிமிடம் விடவில்லை. ஈரத் துண்டோடு நின்ற சுறாவுக்குப் பல் தந்தியடித்தது. சந்தோஷத்தில் அதுகூட உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் சர்வதேசக் கூட்டமைப்பின் ஆள் வந்தார். குளத்தை அளந்தார். 'செல்லாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐம்பது மீட்டர்க் குளத்தில் நான்கு சென்டிமீட்டரைக் காணவில்லை.

சுறா நீந்திய தடத்தில், காணாமல்போன இடத்தில் ஒரு கருங்கல் பலகை இருந்தது. நீந்துபவர்கள் திரும்பும் சுவரைத்தான் கேமரா அடிக்கடி காட்டும் என்று ஆராய்ந்து, போன மாதம் அங்கே தலைவரின் பெயரைப் பட்டங்களோடு பதித்திருந்தார் செயலாளர். எட்டுத் தடம், எட்டு நிர்வாகிகள், எட்டுக் கல். சங்கத்தில் கோஷ்டிப் பூசல் கிடையாது.

அவசரக் கூட்டம் கூடியது. சுறாவும் அவளுடைய பயிற்சியாளரும் கதவோரம் நின்றார்கள்.

"நாலு சென்டிமீட்டர்தானே? அதை அவ கடைசியில கொஞ்சம் சேர்த்து நீந்திடக் கூடாதா?" என்றார் தலைவர்.

"கடைசியில சுவர் இருக்கு சார்," என்றார் பயிற்சியாளர். "கல்லை எடுத்துட்டா போதும். நாளைக்கே மறுபடி நீந்திடுவா. தகுதிக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"கல்லை எடுக்குறதா!" செயலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அதுல யார் பேரு இருக்குன்னு தெரியுமா?"

"உளி இருந்தா நானே எடுத்துடுறேன் சார்," என்றாள் சுறா. "அரை மணி நேரம் போதும்."



தீவிரமாக யோசித்து, உலகத்திலுள்ள எல்லாக் குளங்களையும் நான்கு சென்டிமீட்டர் குறைக்கச் சொல்லிக் கூட்டமைப்புக்கு எழுதுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சுறா வீட்டில் தலையணை நனைய அழுதாள்.

சனிக்கிழமை அவளுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. "தாங்கள் அந்தச் சுவரில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மாண்புமிகு தலைவரின் பெயரை இரு கால்களாலும் உதைத்ததாக வீடியோவில் தெரிகிறது. ஒரு பந்தயத்துக்கு இரண்டு முறை. பயிற்சி தனி. விளக்கம் தரவும்."

சுறா அன்றே பதில் எழுதினாள்.

"உதைத்தது உண்மைதான் ஐயா. உதைத்தால்தான் முன்னே போக முடியும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் அப்படித்தான் போகிறார்கள். அங்கே அது வெறும் சுவர்."