பெயிலானா நானாவும் பூட்டுப் போட்ட மூடியும்

கண்டி மாவட்டத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். வேறு யாராவது இருப்பதாகச் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அக்குறணையில் கராஜ் வைத்திருக்கும் அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் ஞாபகமில்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; ஊருக்கே அவர் 'பெயிலானா நானா'. எதைக் காட்டினாலும் அவர் வாயில் வரும் முதல் கேள்வி அதுதான்: "சரி, இது பெயிலானா?"

சாரத்தை இறுக்கி முடிச்சுப் போடுவார். முடிச்சு பெயிலானால்? அதற்கு மேலே நாலு விரல் அகலத்தில் பெல்ட். கையில் ஒரு குடை, பைக்குள் இன்னொரு குடை. ஒருமுறை கடுகண்ணாவ மலை இறக்கத்தில் பஸ் டிரைவரின் தோளைத் தட்டி, "மஹத்தயா, பிரேக் பெயிலானா எந்தப் பக்கம் திருப்புவீங்க?" என்று அக்கறையாகக் கேட்டார்; பயணிகளில் பாதிப் பேர் அழ, கொண்டக்டர் அவரை நடுவழியில் இறக்கிவிட்டார். கூட வந்த குற்றத்துக்காக நானும் இறங்கினேன். மகளின் கலியாணத்துக்கு, ஒரு சமையல்காரர் வராவிட்டால் என்ன செய்வது என்று மாத்தளையில் ஒருவருக்கும் கம்பளையில் ஒருவருக்கும் சொல்லிவைத்தார். இருவரும் வந்துவிட்டார்கள். அன்று ஊரே இரண்டு முறை பிரியாணி தின்றது.

இப்பேர்ப்பட்டவரிடம் என் மச்சான் ஜெகனைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ஜெகனுக்குக் கண்டி டவுனில் துணிக்கடை. உயிர் மட்டும் அவனுடைய பழைய ஜப்பான் டர்போ காரில். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு மேட்டு ரோட்டில் கார்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஏற்றப் பந்தயத்தில் அவன் ஜெயித்தே ஆகவேண்டுமாம்.

"டர்போவுக்கு இன்னும் கொஞ்சம் பிரஷர் கூட்டுங்க நானா" என்றான்.

"கூட்டினா எஞ்சின் கொதிச்சி பிஸ்டன் உருகும். மெத்தனோலும் தண்ணியும் கலந்து உள்ளுக்கு பீச்சி அடிச்சா, குளுந்து தாங்கும்" என்ற நானா, வழக்கம்போல நிறுத்தினார். "சரி, அந்தப் பீச்சுறது பெயிலானா?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது.

சாராய வாடை அடிக்கும் மெத்தனோல் கேன் கராஜுக்குள் வந்த மறுநாளே, வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாத அந்த மனிதரைத் தேடிப் பள்ளிவாசல் ஹாஜியார் வந்துவிட்டார்.

"கராஜுக்குள்ள சாராயம் ஈக்கிதாமே?"

"ஈக்கிது ஹாஜியார். ஆனா குடிக்கிறது கார். கார் தொழப் போறதில்லையே?"

"ஊர் பேசுது."

"பேசட்டும். இது சாராயமில்ல, நஞ்சு. மனிசன் குடிச்சா கண் போயிரும். அதான் நீலச் சாயம் கலந்து, ரெண்டு பூட்டு போட்டு வெச்சீக்கேன். ஊருக்கு சந்தேகம்னா ஊர வரச் சொல்லுங்க, பூட்ட காட்டுறேன்."

ஹாஜியார் இரண்டு பூட்டுகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, காரில் பொருத்திய ஏற்பாட்டை நானா எங்களுக்கு விளக்கினார். டேங்கில் கலவை குறைந்தால் சிவப்பு லைட் எரியும். பம்புக்கு ஒரு பிரஷர் மீட்டர். கலவையைப் பீச்சும் நொசிலுக்குப் போகிற குழாயில், கலவை உண்மையாகவே ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சென்சர். ஓட்டம் நின்றால் பஸர் அலறும், டர்போவின் பிரஷர் தானாக இறங்கிவிடும்.

"மத்த கராஜ்ல பம்புக்கு ஒரு பிரஷர் மீட்டர் மட்டுந்தான் வைக்கிறாங்க. அது போதாதா?" என்றான் ஜெகன்.

"பைப்பு வாய விரலால பொத்திப் பாருங்க. உள்ளுக்கு பிரஷர் நெறையத்தான் ஈக்கும். பூக்கண்டுக்கு தண்ணி போகுமா? மீட்டர் சொல்றது பம்ப் முக்குறத. எனக்கு வேண்டியது தண்ணி போறது."

"சரி, அந்தச் சென்சருக்குப் போற வயர் அறுந்தா?" என்று நானே கேட்டுவிட்டேன். அவருடன் பழகினால் இந்த வியாதி தொற்றிக்கொள்ளும்.

நானாவின் முகம் மலர்ந்தது. "கரண்ட் ஈந்தாத்தான் டர்போ பிரஷர் ஏறும். எந்த வயர் அறுந்தாலும் தானா எறங்கிடும். பெயிலானா நல்ல பக்கத்துக்குப் பெயிலாகணும் தம்பி."

ஜெகனுக்கு முகம் மலரவில்லை. "பந்தயத்தன்னைக்கி மட்டும் இத ஓஃப் பண்ண ஒரு சுவிச் வைங்க நானா. சும்மா சும்மா பிரஷர எறக்கிட்டா என் மானம் போயிரும்."

"ஏலா."

"என்னோட காருங்க!"

"கார் ஒங்கட. வேல என்ட. சுவிச் வெச்சா நீங்க போடுவீங்க. வேணும்னா இப்பவே முழுசா கழட்டிட்டு, பழைய பிரஷருக்கே தாறேன்."

"வீணா நிப்பாட்டினிச்சுன்னா?"

நானா கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் வைத்தார். "வீணா நிப்பாட்டினா அன்டக்கே கராஜ மூடுறேன். போய் எல்லாருக்கும் சொல்லுங்க."

ஜெகன் எல்லாருக்கும் சொன்னான். கண்டியில் கார் வைத்திருப்பவனெல்லாம் நானாவின் கராஜ் எப்போது மூடும் என்று காத்திருந்தான். "பெல்ட் போட்ட நானா பந்தயக் காருக்கும் பெல்ட் போட்டிருக்கார்" என்று சிரித்தார்கள். அவர் அசரவில்லை. கவலைப்பட்டது நான்தான். முப்பது வருடத்துக் கராஜ். வேறு தொழில் தெரியாத மனிதர்.

பந்தய நாள். ஜெகனின் கார் உறுமிக்கொண்டு புறப்பட்டது. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது வரை பறந்தது. நாலாவதில் பஸர் அலறியது கீழே நின்ற எங்களுக்கே கேட்டது. அதற்குப்பிறகு கார் பள்ளிக்கூட வேன் போல அமைதியாக ஏறியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தேயிலைக்குள்ளால் குறுக்கு வழியில் நடந்து, காருக்கு முன்னால் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கீழே இறங்கி வந்த ஜெகன் கதவை அறைந்து சாத்தினான். "பம்ப் பிரஷர் மீட்டர் ஃபுல்லா காட்டுது! ஒன்னுமே பிழையில்ல! நானா, சொன்ன சொல்லக் காப்பாத்துங்க. கராஜ மூடுங்க!"

சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. நானா பெல்டை ஒரு துளை இறுக்கினார்.

"மூடுறேன். அதுக்கு முந்தி நொசில கழட்டுறேன்."

கழற்றினார். ஊசித் துளைக்குள் பச்சையாக ஒரு பாசி நூல், குழாயின் சல்லடையையும் தாண்டி வந்து அடைத்துக்கொண்டிருந்தது. விரல் நுனியில் அதை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"மீட்டர் ஃபுல்தான். தண்ணி ஒரு சொட்டும் போகல. இந்த மீட்டர நம்பி ஈந்தா அடுத்த வளைவுல பிஸ்டன் உருகி ஓடியீக்கும். சிரிக்கிறவங்க இப்ப சிரிங்க."

கைதட்டியவர்கள் நொசிலை எட்டிப் பார்த்தார்கள். ஆனால் பாசி எங்கிருந்து வந்தது? ஜெகனின் டிரைவர் மணி அண்ணன் மெல்ல முன்னால் வந்தார். இருபது வருடம் தேயிலை லொறி ஓட்டியவர்.

"நான்தாங்க. காலையில கார கொண்டு வர்ற வழியில செவப்பு லைட் எரிஞ்சிச்சி. தெல்தெனிய தாண்டி ரோட்டோரத்துல பீலியில மலைத்தண்ணி வுழுந்துச்சி. புடிச்சி ஊத்துனேன். லொறி ரேடியேட்டருக்கு அப்படித்தாங்க ஊத்துவோம்."

ஜெகன் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். அவனுக்கும் மணி அண்ணனுக்கும் நடுவில் நானா வந்து நின்றார். என்னைவிட அரை அடி குள்ளமான அந்த மனிதர் அன்று எனக்கு மலைபோலத் தெரிந்தார்.

"அவர ஏசப்படாது. லைட் வெச்சவன் நான். லைட் எரிஞ்சா மனிசன் தண்ணி ஊத்தத்தான் செய்வான். கேனுக்கு ரெண்டு பூட்டு போட்டேன், டேங்குக்கு ஒன்னு போடல. பம்ப் பெயிலானா, பைப் பெயிலானா, வயர் பெயிலானா, எல்லாம் யோசிச்சேன். நல்ல மனிசன் நல்லெண்ணத்துல பெயிலாவான்னு யோசிக்கல. பிழை என்ட."

ஜெகன் கையை இறக்கினான். நானாவின் விரலிலிருந்த பாசியைத் தன் கைக்கு வாங்கிப் பார்த்தான். பிறகு, "மணி அண்ணே, நானாவுக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க" என்றான். அவன் வாயில் மன்னிப்பு அந்த அளவுக்குத்தான் வரும்.

கராஜ் மூடவில்லை. அடுத்த வாரம் டேங்க் மூடிக்குப் பூட்டு வந்தது. ஒரு சாவியை ஜெகனிடம் கொடுத்த நானா, இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"ஜெகன் மொதலாளி தொலச்சிட்டா ஒங்கட்ட ஈக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மாநகரசபைக் கிளார்க். பைல் தொலைப்பதில் எனக்கென்று ஒரு பெயர் உண்டு, அது அவருக்கும் தெரியும்.

"சரி நானா, நான் பெயிலானா?"

அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு முறை பார்த்தார்.

"நீங்க ஆக மாட்டீங்க" என்றுவிட்டு அடுத்த காருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். நான் தொலைத்தால் என்று ஒரு மூன்றாவது சாவி அவர் வெட்டவே இல்லை.

பைல்கள் இன்னமும் தொலைகின்றன. அந்தச் சாவி மட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது. தினமும் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.