ஸ்மார்ட் போர்டுக்கு மூன்று பொட்டு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். பிறகு கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, பனியன் நகரத்து ராயபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஸ்மார்ட் போர்டு மாட்டினான். இடையில் நடந்ததெல்லாம் சில்லறைச் சமாச்சாரம். பள்ளியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் மற்ற பள்ளிகள் ஏங்கிப்போகும்.

போர்டை நன்கொடையாகக் கொடுத்தவர் பனியன் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டிகள், "ஊருக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்ததிலிருந்து அவருக்குக் கல்வியின் மேல் பாசம் பொங்கிவிட்டது.

எல்லாம் சரி, ஒரே ஒரு குறை. அந்த வகுப்பில் மருதம்மாள் டீச்சர் இருந்தார்.

ஐம்பத்து மூன்று வயது. தொழில்நுட்பத்தில் படு பின்தங்கியவர். எவ்வளவு பின்தங்கியவர் என்றால், இருபத்தெட்டுப் பிள்ளைகளில் எது காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதற்கு ஒரு ஆப் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் எண்ணம்கூட அவருக்கு வந்ததில்லை. மதியச் சோற்றுக்குப் பிறகு அரை மணி நேரம், ஆஷா என்கிற பிள்ளையை வராந்தாவில் உட்கார வைத்து, தரையிலேயே சாக்பீஸில் எழுதிப் படிக்கச் சொல்லுவார். இந்த நூற்றாண்டில்! தரையில்!

ஆஷாவின் கதை சின்னது. அவள் அம்மா கருத்தம்மா, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், நாச்சிமுத்து கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். ஊர் மாறி, பள்ளி மாறி, பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஐந்தாவது வந்துவிட்டது. ஜூன் மாதம் சேர்க்கும்போதே கருத்தம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "அரையாண்டுக்குள்ள இவ வாசிச்சுட்டான்னா படிக்கட்டும் டீச்சர். இல்லேன்னா வீட்ல கெடந்து சின்னவனப் பாத்துக்கிடட்டும். நான் ஒன்றரை ஷிப்டு போயிருவேன்."

"வாசிப்பா. நானாச்சு," என்றார் மருதம்மாள். எந்தப் போர்ட்டலிலும் பதிவேற்றாமல், வெறும் வாயால் கொடுத்த வாக்கு. அதற்கு என்ன மதிப்பு?

ஆகஸ்டுக்குள் ஆஷா "படம், மரம், பட்டம்" வரை வந்துவிட்டாள். அப்போதுதான் போர்டு வந்தது, கூடவே பயிற்சியும் வந்தது.

பயிற்சி கொடுத்தவர் பரணி. நாச்சிமுத்து கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறது என்றால், முதல் நாளே முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு வைத்து, தொழிலாளிகளுக்கு முகக்கவசம் மாட்டி, யார் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒப்பிக்க வைக்கிற மகா திறமைசாலி. கல்வித் துறைக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்க நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"ஆசிரியருங்க எல்லாம் ஏன் டெக்னாலஜியோட ஓடோணும்? ஆராச்சும் சொல்லுங்க பாப்போம்," என்றார் பரணி.

"புள்ளைங்களுக்கு நல்லா வெளங்கறதுக்குங்களா?" என்றார் மருதம்மாள்.

பரணி பரிதாபப்பட்டுச் சிரித்தார். "அது பழைய பதிலுங்க டீச்சர். ரிப்போர்ட் ஏத்தறதுக்குங்க. புள்ள படிச்சா உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். ஏத்துனாத்தான் உலகத்துக்கே தெரியும்."

"படிக்காமயே ஏத்திப்போட்டா?"

"அதையும் உலகம் நம்புமுங்க."

தலைமையாசிரியர் அர்த்தநாரி பலமாகக் கைதட்டினார். அவர் கைதட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருதம்மாளுக்குப் போர்டைப் பிடித்துத்தான் இருந்தது. முதல் நாள் ஆஷாவைத் தூக்கி நிறுத்தி, "எழுது கண்ணு," என்றார். பிள்ளை விரலால் "ஆ" போட்டாள். நீல வெளிச்சத்தில் "ஆ" மின்னியது. ஆஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடடா, இத்தனை வருசம் இது இல்லாமல் போச்சே என்று நிஜமாகவே நினைத்தார்.

"அந்தப் பக்கத்தைத் தொறக்காதீங்க டீச்சர்," என்றார் பரணி. "அதுல புள்ளைங்க சும்மா எழுதிப் பழகலாம், அவ்வளவுதான். ரிப்போர்ட் வராதுங்க. வாசிப்புப் பகுதியை மட்டும் ஓட்டுங்க."

வாசிப்புப் பகுதியில் ஒரு பெண் குரல் பாடத்தை வாசிக்கும். முடிந்ததும், "சபாஷ்! உங்கள் ஆசிரியருக்கு ஒரு கைதட்டல்!" என்று சொல்லும். பிள்ளைகள் தட்ட வேண்டும். தட்டுவதைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு டவர் கிடைக்கிற இடம் மாடிப்படி. டவர் கிடைக்கிற நேரம் மதியச் சோற்றுக்குப் பிறகு அரை மணி. ஆஷா வராந்தாவில் சாக்பீஸோடு காத்திருப்பாள். டீச்சர் மாடிப்படியில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இன்னும் ரெண்டு நிமிசம் கண்ணு," என்பார். மணி அடித்துவிடும்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் லேசுப்பட்டதல்ல. ஓவர்லாக் மிஷினிலிருந்து கத்தரிக்கோல் வரைக்கும் சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய் எல்லாம் உண்டு. பள்ளியிலேயே விலை உயர்ந்த மிஷின் எது? அர்த்தநாரி சார் குளித்து, வேட்டி கட்டி, போர்டு திரையின் நட்ட நடுவில் மூன்று பொட்டு வைத்தார். சும்மா இல்லை, ரூபாய் அகலத்துக்குக் கெட்டிச் சந்தனம், மேலே குங்குமம். கற்பூரம் காட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

லீவு முடிந்து வந்து போர்டைப் போட்டால், அது தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. பொட்டை அது விரல் என்று நினைத்துக்கொண்டது. மூன்று விரல் தன்னை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கும்போது பாவம் அது என்ன செய்யும்? பதினான்காம் பாடத்தை வாசித்தது. முடித்தது. கைதட்டச் சொன்னது. மறுபடி அதையே வாசித்தது.

"காட்டில் ஒரு யானை இருந்தது. அது தினமும் ஆற்றுக்குப் போனது..."

சாயங்காலம் வரை யானை ஆற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"ஏனுங்க சார், அந்தப் பொட்டைத் தொடச்சுப்போடட்டுங்களா?" என்று ஈரத் துணியோடு நின்றார் மருதம்மாள்.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. பரணி லேப்டாப்போடு ஓடி வந்தார். அவர் முகத்தில் ஒரு ஜோதி தெரிந்தது.

"சார், போன மாசம் நம்ம போர்டு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஓடிச்சுங்க. இப்ப ஆறு மணி நேரமுங்க! பயன்பாட்டுல மாவட்டத்துலயே நாமதான் மொதல்ல நிக்கிறோம்."

அர்த்தநாரி போர்டு இருந்த திசையில் கும்பிட்டார். "சாமி குத்தமாயிருமுங்க டீச்சர். தொடவே தொடாதீங்க."

"பாடம் நடத்தோணுமுங்களே சார்?"

"அதுதான் அதுவே நடத்துதுங்களே!"

தீர்மானம் நிறைவேறியது: "பொட்டு அழிக்கப்படலாகாது. இன்ஜினியர் வரும்வரை தற்போதைய நிலை தொடரும்." இன்ஜினியருக்குச் சொல்லி அனுப்புவது யார் என்பதைத் தீர்மானத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

இப்படியாக அக்டோபர் போனது, நவம்பர் போனது, டீச்சரின் மதியமெல்லாம் மாடிப்படியிலேயே போனது. டிசம்பரில் வாசிப்புத் தேர்வு. பிள்ளை செல்போன் முன்னால் வாசித்தால், ஆப் கேட்டு மார்க் போடும். எந்தப் பாடம்? திரையில் எது ஓடுகிறதோ அது. ஐந்தாம் வகுப்பின் வரலாற்றிலேயே முதல் முறையாக யாரும் ஒரு எழுத்தில்கூடத் தடுமாறவில்லை. ஆஷாவும் வந்தாள். கணீரென்று சொன்னாள். மருதம்மாள் மெல்லத் தன் உள்ளங்கையால் திரையில் ஓடிய எழுத்துகளை மறைத்தார். ஆஷா நிறுத்தவில்லை. கைக்கு அடியிலும் யானை ஆற்றுக்குப் போனது.

ஆப் பச்சையாக மாறி, "சரளமாக வாசிக்கிறார். உறுதி செய்க: ஆம், இல்லை," என்றது.

மருதம்மாளின் விரல் "இல்லை" பக்கம் போனது.

"டீச்சர்!" பின்னாலிருந்து அர்த்தநாரி. "இருவத்தேழு பச்சைக்கு நடுவுல ஒரே ஒரு செவப்பு நல்லாவா இருக்கும்? மொதலாளி வேற நோட்டீஸ் அடிக்கச் சொல்லிப்போட்டாருங்க. இல்லைன்னு போட்டா உங்களுக்கு அஞ்சு நாள் மறுபயிற்சி, மதியத்துல. பாத்துக்குங்க."

அந்த மதியம்தான் ஆஷாவுக்கு வேண்டும். அரையாண்டு முடியட்டும், பிள்ளையை உட்கார வைத்து எப்படியும் கரை சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டார் டீச்சர். "ஆம்" அமுக்கினார். அன்றைக்கு ராத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை. ஆனால் அதைப் பதிவேற்ற ஆப்பில் இடமில்லை.

மறுநாளே பரணி ஒரு சுருள் ஸ்டிக்கரோடு வந்தார். கம்பெனி செக்கிங்கில் நல்ல பீஸுக்கு ஒட்டுகிற உருண்டைப் பச்சை ஸ்டிக்கர், "பாஸ்" போட்டது. வாசிக்கத் தெரிந்த ஒவ்வொரு பிள்ளையின் அடையாள அட்டையிலும் ஒன்று ஒட்டினார். இருபத்தெட்டும் ஒட்டி முடிந்தது.

அரையாண்டு முடிந்த அன்று மத்தியானம் கருத்தம்மா வந்தாள். வேலையிலிருந்து பாதியில் வந்தவள், தலையெல்லாம் பஞ்சு. கையில் ஒரு நோட்டீஸ்.

"கம்பெனில எல்லாருக்கும் இதக் குடுத்தாவ டீச்சர். எனக்கு எழுத்து தெரியாதுல்லா. எம்பொண்ணு வாசிக்கட்டும், கேட்டுட்டுப் போறேன்னு வந்தேன்." அட்டையில் பச்சையைப் பார்த்து அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஏட்டி ஆஷா, வாசி."

ஆஷா நோட்டீஸை விரித்துப் பிடித்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு தைரியமாக ஆரம்பித்தாள்.

"காட்டில் ஒரு யானை இருந்தது. அது தினமும் ஆற்றுக்குப் போனது."

கருத்தம்மா நோட்டீஸை எட்டிப் பார்த்தாள். "கம்பெனிக்குள்ள யானை என்னத்துக்கு டீச்சர்?" என்றாள்.

மருதம்மாள் நோட்டீஸை வாங்கினார். வாசித்துத்தானே ஆக வேண்டும்? வாசித்தார்: "நமது நிறுவனம் தத்தெடுத்த பள்ளியில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் நூற்றுக்கு நூறு பேரும் சரளமாக வாசிக்கிறார்கள் என்பதைத் தொழிலாளர்களுக்குப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

கருத்தம்மா மகளின் அட்டையைக் கையில் எடுத்தாள். ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இது எங்க டேபிள்ல ஒட்டுத ஸ்டிக்கரு டீச்சர். ஓட்டை பீஸுல தெரியாம இத ஒட்டிட்டம்னா, பெட்டியோட திரும்பி வந்துரும். ஸ்டிக்கர்ல எழுதியிருக்க நம்பரப் பாப்பாவ. என் நம்பரு பதினேழு. 'பதினேழு யாரு?'ன்னு கூப்பிட்டு, அத்தன பேரு முன்னாலயும் நிக்க வச்சுக் கேப்பாவ. நானும் நின்னுருக்கேன்." அட்டையை டீச்சரின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "இதுல நம்பர் போடுத எடம் சும்மால்லா கெடக்கு? நான் யாரக் கூப்பிட்டுக் கேக்கட்டும்?"

மருதம்மாளுக்குக் கண்ணீர் வந்தது.

"நாளையில இருந்து இவ சின்னவனப் பாத்துக்கிடுவா டீச்சர். நான் ஒன்றரை ஷிப்டு போறேன்."

உள்ளே வகுப்பில் யானை ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "சபாஷ்! உங்கள் ஆசிரியருக்கு ஒரு கைதட்டல்!" என்றது போர்டு. இருபத்தேழு பிள்ளைகள் தட்டினார்கள். வராந்தாவில் ஆஷாவும், பழக்கதோஷத்தில், மருதம்மாள் டீச்சரைப் பார்த்துக் கைதட்டினாள்.