மாப்பிள்ளை கை வைத்த வாட்ச்

'டிங்' என்று ஒரு சத்தம். சாமணத்தின் நுனியில் இருந்த ஸ்பிரிங்கைக் காணோம்.

"யாரும் நடக்காதீங்க," என்றார் மாப்பிள்ளை, தரையில் மண்டி போட்டபடி.

"யாரும்னா நான் ஒருத்திதானே இருக்கேன்," என்றாள் மனைவி, துடைப்பமும் கையுமாக. "இப்பதான் பெருக்கி முடிச்சேன். போனது எங்கப்பா வாட்ச்லேர்ந்தா?"

மாப்பிள்ளைக்கு வேலை இன்சூரன்ஸ் ஆபீசில். உயிர் பழைய கைக்கடிகாரங்களில். சாவி கொடுக்கிற வாட்ச்சாக இருந்தால் போதும், பழைய சாமான் கடையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். அதில் பாதி, அவர் திறந்து பார்த்த பிறகு ஓடுவதில்லை. இந்த லட்சணத்தில், மாமனாரின் கல்யாண வாட்ச் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டதும், சொந்தபந்தம் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாக்குக் கொடுத்துவிட்டார்.

"கடையில மட்டும் கொடுத்துடாதீங்க மாமா. நல்ல பார்ட்ஸை உருவிடுவான். நான் பார்த்துக்கறேன்."

மாமனார் நன்றாக யோசித்துவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்தார். இன்று சாயங்காலம் வாங்கிக்கொள்ள வருகிறார். ஓடவில்லை என்றால், அந்தக் குடும்பத்தில் இனி ஒரு பல்பு மாட்டக்கூட யாரும் மாப்பிள்ளையைக் கூப்பிட மாட்டார்கள்.

குப்பையை டீ வடிகட்டியில் கொட்டிச் சலித்தார். கிடைத்தது ஒரு தோட்டுத் திருகாணி.

"எத்தனை நாளா தேடினேன்," என்று மனைவி வாங்கிக்கொண்டாள். "அப்படியே எனக்குப் புது வடிகட்டி வாங்கிடுங்க."

வேறு வழியில்லை. தன்னிடம் இருந்ததிலேயே செல்லமான வாட்ச்சைத் திறந்தார். அதே கம்பெனி, அதே மாடல். ஸ்பிரிங்கை எடுத்து மாமனார் வாட்ச்சில் மாட்டினார். கையோடு பேலன்ஸ் சக்கரத்தையும் துடைத்துவிடலாமே என்று துடைத்தார். ஊசி மாதிரி இருந்த அச்சு முறிந்தது. செல்லத்தின் சக்கரத்தைக் கழற்றினார். மெயின் ஸ்பிரிங்கைப் பார்த்தால் ஒரே துரு. இப்படியா வைத்திருப்பார் மனுஷன் என்று மாமனாரைத் திட்டிக்கொண்டே அதையும் மாற்றினார்.

"பார்ட்ஸை உருவிடுவான்னு சொன்னது யாரு?" என்றாள் மனைவி.

"இது உருவறது இல்லம்மா. ரத்ததானம்."

சாப்பாடு ஆறிப்போனது. கழுத்து பிடித்துக்கொண்டது. விடவில்லை. கடைசியில் வாட்ச் டிக் டிக் என்று ஓட, மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பின்மூடியைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினார். முன்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டது.

செல்லத்தின் கண்ணாடியை ஏற்கெனவே வேறொரு வாட்ச்சுக்குத் தானம் பண்ணியாயிற்று.

"கடைக்குப் போங்க," என்றாள் மனைவி.

"மானம் போயிடும்."

"அப்பா வர்ற நேரம் ஆச்சு. எப்படியும் போகப்போறதுதானே?"

அந்த வட்டாரத்துக்கே இருந்தது தெருமுனை வாட்ச் கடை ஒன்றுதான். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

"கண்ணாடி மட்டும் மாத்துங்க. என் மாமனார் வாட்ச். உள்ள எதையும் தொடாதீங்க."

கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். காதில் வைத்தார். மறுபடியும் காதில் வைத்தார்.

"அந்த மாப்பிள்ளை நீங்கதானா?"

"எந்த மாப்பிள்ளை? வாட்ச்ல என்ன கோளாறு, சொல்லுங்க."

கடைக்காரர் வாட்ச்சைக் கீழே வைக்கவில்லை.

"உங்க மாமனார் வாட்ச்சை நான் அப்பவே சரி பண்ணிட்டேன் சார், இதோ டிராயர்ல இருக்கு. மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது, அவர் கையில கொடுக்க இதே மாதிரி ஒண்ணு, ஜென்மத்துக்கும் ஓடாததா வேணும்னு கேட்டாரு, நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். இது எப்படி சார் ஓடுது?"