பச்சை முகத்து அம்மாளுக்கு ஒரு கும்பிடு

மலேசியா, மாசாய் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. பாசிர் கூடாங்கில் ஒரு சரக்குக் கிடங்கின் சூப்பர்வைசரான திருவாளர் சுகுமாறன் அவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை, தம் வாழ்வில் முதன்முறையாக ஓர் ஓவியத்தை இரசித்தார். உலகக் கலை வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இரசிக்காமல் தப்பிக்க வழியில்லை. மகள் லோஷினியின் கல்யாணம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் லோஷினி, காரின் பின்சீட்டிலிருந்து.

"நிறம் பேசுது."

"அப்புறம்?"

"அப்புறம் நான் பேசக்கூடாது."

"கரெக்ட் லா. கவினோட அப்பா இப்பல்லாம் ஓவியத்தைத் தவிர வேற எதுவும் பேசறதில்லையாம். சாப்பிடறப்பகூட ஓவியப் புத்தகம்தானாம்."

மனைவி கஸ்தூரி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ரப்பர் எஸ்டேட்டுக் குடும்பம்னு அங்க ஏற்கெனவே மூக்கைச் சுளிச்சாச்சு. நீங்க வேற எதையாச்சும் உளறுனீங்க, பொண்ணு காலத்துக்கும் நம்ம வீட்டுலதான்."

சுகுமாறனுக்கு உள்ளங்கை வியர்த்தது. ஸ்டியரிங் வழுக்கியது.

ஜொகூர் பாருவில் மாப்பிள்ளை வீடு. கவினின் அப்பா தேவானந்தன் வாசலுக்கே வந்து வரவேற்றார். சிலோன்காரர், அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கைகுலுக்கும்போதுகூட ஃபைலில் கையெழுத்துப் போடுவது போலவே குலுக்கினார். அவர் மனைவி சுபத்திரா பின்னால் நின்று அளவாகச் சிரித்தார்.

ஹாலுக்குள் கால் வைத்ததும் எதிர்ச்சுவரில் அவள் இருந்தாள்.

பாதி முகம் பச்சை, மீதி மஞ்சள். பப்பாளி மரம் போல நீண்ட கழுத்து. கண் இருந்தது, கண்ணுக்குள் ஒன்றுமில்லை. படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

ஹால் சுவரில் சட்டம் போட்ட பெண் முகம், கீழே சிவப்பு பல்பு என்றால், சுகுமாறன் அறிந்த அத்தனை வீடுகளிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிறம் பேசும் சமாச்சாரமெல்லாம் மறந்துபோயிற்று. கை தானாகக் குவிந்தது. கண் தானாக மூடியது.

"அம்மா எப்பங்க தவறினாங்க?" என்று கேட்டார், தழுதழுத்த குரலில்.

மாப்பிள்ளை கவின் தன் அம்மாவைப் பார்த்தான்.

"அது... ஓவியம்," என்றார் சுபத்திரா.

"தெரியும்ங்க. ரொம்ப உருக்கமா வரைஞ்சிருக்காங்க. கடைசிக் காலத்துல மஞ்சள் காமாலையா?"

கஸ்தூரி அவர் முழங்கைச் சதையைத் திருகினாள். லோஷினி தரையைப் பார்த்தாள்.

"அது ஒருத்தரும் இல்லை," என்றார் தேவானந்தன். அவர் நெற்றியிலும் ஏனோ வியர்வை. "நவீன ஓவியம். நூறு வருஷத்துக்கு முந்தின ஐரோப்பியப் பாணி. அதின்ர பிரதி."

சுகுமாறன் சுதாரித்தார். "அதாங்க! நல்ல கலையைப் பார்த்தா முதல்ல கும்பிட்டுருவேன். அது நம்ம பழக்கம்."

"அப்படியோ!" என்று பதறிய தேவானந்தன், தானும் கைகூப்பினார். கணவர் கும்பிட்டதால் சுபத்திராவும் கும்பிட்டார். சம்பந்தி வீட்டார் கும்பிடும்போது சும்மா நிற்பது மரியாதையில்லை என்று கஸ்தூரியும் கும்பிட்டாள். கவினும் லோஷினியும்கூடக் கை குவித்தார்கள். முழியில்லாத அந்தப் பெண் ஆறு பேருக்கும் பொதுவாக அருள் பாலித்தாள்.

உட்கார்ந்ததும் தேவானந்தன் கேட்டார்: "உங்களைப் போல ஆக்களுக்கு முன்னால நான் என்னத்தைச் சொல்ல? நீங்களே சொல்லுங்கோ. எப்படி இருக்கு?"

குத்திக் காட்டுகிறார் என்று சுகுமாறனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"நிறம் பேசுதுங்க."

"என்ன பேசுது?"

இதை லோஷினி சொல்லித்தரவில்லை.

"பித்தம்... தலைக்கேறிருச்சுன்னு பேசுது."

"பித்தம்!" தேவானந்தன் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டீரோ? பித்தம்! அந்தக் கண்ணைப் பற்றி?"

"முழியை வேணும்னேதாங்க வரையாம விட்டிருக்காரு. பார்க்கிறவன் முழிக்கட்டும்னு."

"ஆகா!"

பாராட்டு சுகுமாறனுக்குப் பழக்கமில்லாதது. அது வாயைத் திறந்துவிட்டது. "இந்த மாதிரி ஒண்ணு வீட்டுல இருந்தா சோறு தண்ணி வேணாங்க. நாள் பூரா பார்த்துட்டே இருக்கலாம்."

வந்த சம்பந்தி ஒரு பொருளை இத்தனை புகழ்ந்தால் வீட்டுக்காரர் சொல்ல வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. தேவானந்தனின் நாக்கு, யோசிக்காமல் அதைச் சொல்லிவிட்டது.

"அவ்வளவு பிடிச்சிருந்தால் நீங்களே கொண்டுபோங்கோ."

சுபத்திராவுக்கு முறுக்கு புரையேறியது. கவின் பதறித் தண்ணீர் எடுக்க ஓடினான்.

சுகுமாறனின் மனக்கண்ணில் மாசாய் வீடு தெரிந்தது. டிவிக்கு மேலே பச்சை முகம். கீழே கஸ்தூரியின் முகம், அதைவிடப் பச்சையாக.

"ஐயோ, வேணாங்க!"

"வேண்டாமோ?" தேவானந்தன் துள்ளி எழுந்தார். குரல் கீச்சிட்டது. அது கோபம் என்று சுகுமாறன் எடுத்துக்கொண்டார். போச்சு. கொடுத்ததை மறுத்துவிட்டோம். இதோ, கல்யாணம் நிற்கப்போகிறது.

"வேணாம்னு சொல்லலைங்க! வேணும்! இப்பவே எடுத்துக்கிறேன்!"

"ஆறுதலா, மெதுவா எடுக்கலாம்..."

"இல்லைங்க, நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது!" நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். தேவானந்தன் ஒரு பக்கம் பிடித்தார். தூக்க உதவுகிறார் என்று சுகுமாறன் இன்னும் பலமாக இழுத்தார். உண்மையில் தேவானந்தன் கீழ்ப்பக்கம்தான் அழுத்திக்கொண்டிருந்தார். கிடங்கில் சரக்குத் தூக்கிய கை அது. படம் கழன்று வந்தது.

பின்னால் சுவரில் இன்னொரு சட்டத்தின் தடம் இருந்தது, சிறியது. சுற்றிலும் சந்தனக் கறை. ஆணியில் காய்ந்துபோன ஒரு பூச்சரம்.

சுகுமாறன் அதை உற்றுப் பார்த்தார். "அலமாக், ஐயையோ," என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்துத் தேவானந்தனின் அக்கா செல்லப்பாக்கியம் கோயிலிலிருந்து திரும்பினார், கையில் புது மல்லிகைச் சரத்தோடு. நாற்காலி மேல் படமும் கையுமாக நின்ற சுகுமாறனை வாசலில் இருந்தபடியே பார்த்தார்.

"பல் டாக்டர் அனுப்பின ஆளோ? கவனமாக் கொண்டுபோ, தம்பி. பொம்பிளையின்ர தகப்பன் பெரிய ஓவிய இரசிகர் எண்டு எங்கட கவின் சொன்னதாலதான் டாக்டரிட்ட இரவல் வாங்கினது. தேவா, ஆணி காலியாத்தானே இருக்கு, அம்மா கட்டிலுக்குக் கீழ கிடக்கிறா, எடுத்து மாட்டு."